கண்ணுக்கு இனிய எழுத்து

(சின்னக்கானலில் நடைபெற்ற நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுவர். இலக்கிய வளத்தைப் பேசுவர். மொழிக்கு உழைத்த சான்றோரைப் போற்றுவர். அவை யாவும் பேசத்தக்கனவே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மிகச் சிறியது. பலகையிலும் தாளிலும் கைப்பேசியிலும் நம் கண்முன் நிற்கும் எழுத்தின் உருவமே அப்பொருள். அதிலும், கோடுகள் ஒரே தடிமனாய், வளைவுகள் திறந்தனவாய், பார்த்தவுடன் பழகிய முகம்போல் தோன்றும் எழுத்துவகை ஒன்றைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

இஃது அச்சுக்கூடத்தார் கவலை அன்றோ, நமக்கு இதில் என்ன என்று சிலர் எண்ணலாம். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரே தமிழைப் படிக்க இயலாமல் நிற்கும் நிலை உண்டு. அப்போது குறை அவர் கல்வியில் இல்லை; எழுத்தின் உருவில் இருக்கிறது. அக்குறை நம் மலைநாட்டில் எத்தகைய இழப்பை உண்டாக்குகிறது என்பதையும், அதனை நீக்கும் வழி இன்று நம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

மூன்றாம் வரி

போடிமெட்டு ஏறி, பூப்பாறையைக் கடந்து, ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைக் கண்டு நம் ஊர்ப்பக்கம் வருவோர், தேயிலையும் ஏலமும் செழித்த மலைச்சரிவுகளைக் காண்பர். அச்சரிவுகளைத் திருத்தியவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்த நம் முன்னோர். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1969-இல் இயற்றப்பட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழும் கன்னடமும் பேசும் சிறுபான்மையோர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுதலாம் என்று இடம் தந்தது. மலையாள உடன்பிறப்புகளோடு கலந்து வாழும் நமக்கு அது மதிக்கத்தக்க உரிமை.

ஆனால் சட்டம் தரும் உரிமையைக் கண்ணுக்குக் காட்டுவது எழுத்தே. மலையாளம், ஆங்கிலம், தமிழ் என மூன்று வரிகள் ஒரு பலகையில் அமையுமிடத்து, மூன்றாம் வரிக்குப் பெரும்பாலும் எஞ்சிய இடமே வாய்க்கிறது. தமிழ்ச் சொல்லோ நீளமானது. இடம் போதாமற் போகவே எழுத்தை இருபுறமும் நெருக்கி ஒடுக்குகின்றனர். ஒடுக்கியபின் அதன் வளைவுகள் அடைபடுகின்றன, புள்ளிகள் மறைகின்றன. தமிழ் அப்பலகையில் இருக்கிறது. ஆயினும் படிக்கக் கிடைப்பதில்லை.

நம் தாய்மார் பலர் தோட்டப் பள்ளியில் நான்கைந்து வகுப்பு மட்டும் படித்தவர். நாட்காட்டியைப் படிப்பர், பேருந்தின் முகப்பைப் படிப்பர், திருவிழா அறிவிப்பைப் படிப்பர். நுண்ணெழுத்தில் நெருக்கி அச்சிட்ட ஒரு படிவத்தை நீட்டினாலோ, “எனக்குப் படிப்பு வராதுப்பா, நீயே பார்த்துச் சொல்லு” என்று மகன் கையில் கொடுத்துவிடுகின்றனர். அதே செய்தியைப் பெரிய, தெளிந்த எழுத்தில் கொடுத்துப் பாருங்கள். விரல் வைத்து வரி வரியாகப் படித்துவிடுவர். படிப்பு வராது என்று அவர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொண்டமைக்குக் காரணம் யாது? ஒரு தாளில் இருந்த எழுத்து! ஒருவர் தம் சம்பளச் சீட்டைத் தாமே படிப்பதற்கும், பிறர் படிக்கக் கேட்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறியதன்று. அத்தொலைவில் அவருடைய தன்மதிப்பு அடங்கியிருக்கிறது.

முனைக்கோடும் சமக்கோடும்

ஐரோப்பியர் தம் எழுத்துகளை இரு பெரும் பிரிவாக வகுப்பர். கோட்டின் முனையில் சிறு நகம்போல் நீண்டு நிற்கும் அணிக்கோட்டைச் ‘செரிஃப்’ என்பர். பண்டை உரோமானியக் கல்வெட்டுகளில் அதனைக் காணலாம். அம்முனைக்கோடு இல்லாத எழுத்தைச் ‘சான்ஸ் செரிஃப்’ என்பர். அச்செழுத்தாக அதனை முதன்முதலில் தம் மாதிரி ஏட்டில் காட்டியவர் இங்கிலாந்தின் நான்காம் வில்லியம் காஸ்லன், ஆண்டு 1816. தொடக்கத்தில் அது விளம்பரங்களுக்கு உரிய தடித்த எழுத்தாகவே கருதப்பட்டது.

அதனைப் பொதுமக்களின் எழுத்தாக மாற்றியவர்களுள் எட்வர்டு ஜான்ஸ்டன் முதன்மையானவர். இலண்டன் நிலத்தடி இரயிலுக்காக அவர் வரைந்த எழுத்து 1916-இல் நடைமுறைக்கு வந்தது. விரைந்து நடக்கும் பயணி ஒரே பார்வையில் நிலையத்தின் பெயரை அறியவேண்டும் என்பதே அதன் குறிக்கோள். பின்னர் ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் என்னும் இருவர் பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்காக ‘டிரான்ஸ்போர்ட்’ என்னும் எழுத்தை அமைத்தனர். 1958-இல் திறக்கப்பட்ட பிரெஸ்டன் புறவழிச்சாலையில் அவர்தம் பலகைகள் முதலில் நின்றன. 1965 முதல் அம்முறை நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. முழுதும் தலைப்பெழுத்தாக முழங்கிய பழைய பலகைகளுக்கு மாறாக, சிற்றெழுத்துகளின் ஏற்ற இறக்கத்தால் ஊர்ப்பெயர்க்கு ஒரு முகத்தோற்றத்தை அவர்கள் தந்தனர். எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டாமல், சொல்லின் முகத்தைக் கண்டே ஓட்டுநர் ஊரை அறிந்தார்.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ் எழுத்துக்கு அத்தகைய முனைக்கோடு மரபில் இல்லை. இல்லாத ஒன்றை நீக்குவது எங்ஙனம்? ஆகவே தமிழில் இவ்வகை எழுத்தின் அடையாளம் வேறு. ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்லாமல், கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ ஒரே தடிமனாய் ஓடுவதே அதன் இயல்பு. இதனைச் சமக்கோட்டு எழுத்து என்று நாம் வழங்கலாம்.

இது மேனாட்டு இரவல் என்று எவரேனும் கூறின், ஓலைச்சுவடியை எடுத்துப் பார்க்குமாறு வேண்டுவோம். எழுத்தாணியின் கூர்முனை பனையோலையில் கீறும் கோடு தடிப்பதும் இல்லை, மெலிவதும் இல்லை. அது ஒரே சீராக வளைந்து ஓடும். தடிப்பும் மெலிவும் பின்னாளில் பேனா முனையும் ஈய அச்சும் கொண்டுவந்தவை. எனவே சமக்கோட்டு எழுத்தைக் காணும் தமிழன் புதியதொன்றைக் காணவில்லை. தன் பாட்டன் கைவண்ணத்தின் சாயலையே காண்கின்றான்.

கொல்லத்தில் தொடங்கிய அச்சு

தமிழ் அச்செழுத்தின் தொடக்க வரலாற்றில் நாம் வாழும் கேரள மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. 1554-இல் லிஸ்பன் நகரில் அச்சான தமிழ் நூல் உரோமன் எழுத்தில் அமைந்தது. தமிழ் உருவிலேயே எழுத்து வார்க்கும் பணி 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் நடைபெற்றது. அவ்வெழுத்துகளைக் கொண்டு 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூல் அச்சேறியது. அதனைத் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக்கு அடிகளார். அடுத்த ஆண்டே கொச்சியில் மற்றொரு தமிழ் நூல் அச்சாயிற்று. கொல்லமும் கொச்சியும் அன்று தமிழ் எழுத்துக்குத் தாய்வீடாய் நின்றன என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

பின்னர் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் அமைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் பெரியனவாய் இருந்தன. அவற்றைக் கொண்டு பெருநூல் அச்சிட்டால் தாள் தாங்காது. ஆதலின் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டனர். எழுத்தைச் சிறிதாக்கித் தாளை மிச்சப்படுத்துவதா, பெரிதாக்கிக் கண்ணைக் காப்பதா என்னும் வழக்கு அன்றே எழுந்துவிட்டது. இன்றும் அது தீர்ந்தபாடில்லை. சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தைப் பேணிய ஹண்ட் என்பார், 19-ஆம் நூற்றாண்டில் சிறிய அளவிலும் தெளிவு குன்றாத தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் உழைப்புக்குச் சான்று.

எழுத்தின் உருவைத் தெளிவாக்கும் முயற்சியும் உடன் நடந்தது. ஓலையில் புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். குறில் எகரமும் நெடில் ஏகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. அவ்வேறுபாட்டைக் கண்ணுக்குப் புலப்படுமாறு திருத்தியவர் வீரமாமுனிவர் (1680–1747). பின்னர் 1935-இல் பெரியார் தம் இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டார். 1978-இல் தமிழக அரசு அதனை ஏற்றது. ணா, றா, னா முதலிய எழுத்துகளும் ணை, லை, ளை, னை என்பனவும் மற்றவற்றோடு ஒத்த உருவம் பெற்றன.

முதியோர்க்கு நினைவிருக்கும்: அதற்குமுன் ‘யானை’ என்று எழுதினால், இறுதி எழுத்தின் தலையில் துதிக்கை ஒன்று வளைந்து நிற்கும். அது பார்க்க அழகே. ஆயினும் தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக் கோப்பவர்க்கும் அத்துதிக்கை சுமையாயிற்று. அழகுக்கும் எளிமைக்கும் இடையே தமிழர் ஒரு தேர்வு செய்தனர். கேரளத்திலும் 1971-இல் மலையாள எழுத்தைத் தட்டச்சுக்கேற்பச் சுருக்கினர். உருவம் காலந்தோறும் பயன் கருதி மாறிவந்திருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

கட்டுமரமும் இனிமையும்

இன்றைய எழுத்து ஈயத்தில் வார்க்கப்படுவதன்று; கணினியில் வரையப்படுவது. தமிழுக்கு அவ்வாறு அமைந்த சமக்கோட்டு எழுத்துருக்களுள் ‘கட்டமரான்’ என்பதை முதலில் கூறுவோம். கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்துக்குச் சென்று பெற்ற வடிவமே அதன் பெயர். வடிவமைத்தவர் பிரியா இரவிச்சந்திரன். தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாய் அதில் அமைந்துள்ளன. மிக மெலிந்தது முதல் மிகத் தடித்தது வரை 9 தடிமன்கள் உண்டு.

அதன் சிறப்பு யாது? ஒரே பலகையில் ஆங்கிலமும் தமிழும் நிற்கும்போது ஒன்று கருத்துத் தடித்தும் மற்றொன்று வெளிறி ஒதுங்கியும் தோன்றுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கையால் ஆன எழுத்துகளை அருகருகே நிறுத்துவதால் வரும் வேற்றுமை அது. ஒரே குடும்பமாக வரைந்தால் இரண்டின் கருமையும் ஒத்து நிற்கும். மூன்றாம் வரியாய் ஒதுங்கிய தமிழுக்கு இது சிறு நன்மை அன்று.

இரண்டாவதாகக் கூறத்தக்கது ‘மீரா இனிமை’. இது கேரளம் தமிழுக்குத் தந்த பரிசு. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வலர் குழு இதனை வெளியிட்டது. வரைந்தவர் கே. எச். உசேன். மலையாளத்தின் பழைய முழுமையான எழுத்துருவத்தைக் கணினியில் மீட்ட ‘ரசனா’ முயற்சியில் முன்னின்றவர் அவரே. அவர் மலையாளத்துக்கு வரைந்த எழுத்தின் பெயர் மீரா. அதன் தமிழ் உடன்பிறப்பு மீரா இனிமை. 1578-இல் கொல்லம் தமிழுக்கு எழுத்து வார்த்தது. நம் காலத்திலும் கேரளத்துக் கலைஞர் ஒருவர் தமிழுக்கு எழுத்து வரைந்தார். மொழியால் அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் செய்யத்தக்க உதவிக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இன்னும் பல உண்டு. மும்பை ஏக் டைப் குழுவினரின் ‘முக்தா மலர்’, இலங்கையின் தாரிக் அஸீஸ் தமிழ் வரைந்த ‘பவனம்’, உலகத்து எழுத்துமுறைகள் அனைத்தையும் ஒரே வரிசையில் அமைக்க முயன்ற ‘நோட்டோ சான்ஸ்’ குடும்பத்தின் தமிழ் ஆகியவை அவற்றுட் சில. மலேசியாவின் முத்து நெடுமாறன் அமைத்த ‘இணைமதி’ ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்றது. இவற்றைப் படைத்தவர் சென்னையில் மட்டும் இருந்தார் அல்லர். கடல் கடந்த தமிழரும் பிறமொழி அன்பரும் அவருள் உளர். கட்டமரான், மீரா இனிமை, முக்தா மலர், பவனம், நோட்டோ ஆகியவற்றை எவரும் பணமின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். அத்தகைய திறந்த உரிமத்தின்கீழ் அவை வெளிவந்துள்ளன.

எழுத்தின் உறுப்பிலக்கணம்

படிக்க எளிய எழுத்துக்கு வேண்டிய உறுப்புகள் எவை? நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘சின்னக்கானல்’ என்பதில் 7 எழுத்துகள். அவற்றுள் மூன்று புள்ளி பெற்றவை. புள்ளி மறைந்தால் சொல்லே சிதைந்துவிடும். எழுத்து மிக மெலிந்தால் புள்ளி தூசியாகிவிடும். மிகத் தடித்தால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே புள்ளி கோட்டின் தடிமனுக்குக் குறையாமலும், எழுத்தின் தலையை விட்டு விலகியும் நிற்றல் வேண்டும். இது முதல் உறுப்பு.

இரண்டாவது சுழி. பள்ளியில் மூன்று சுழி ‘ண’ என்றும் இரண்டு சுழி ‘ன’ என்றும் கற்றோம். ‘மணம்’ என்பதும் ‘மனம்’ என்பதும் ஒரு சுழியால் வேறுபடுகின்றன. சுழியின் உள்ளே வெளிச்சம் இல்லையேல் மூன்றும் இரண்டும் ஒன்றாய்த் தோன்றும். எழுத்தை ஒடுக்கும்போது முதலில் அடைபடுவது இவ்வுள்வெளியே. இரவில் வண்டியின் விளக்கொளி ஒளிரும் பலகையில் பட்டால் வெண்ணெழுத்தின் கோடு ஒளியால் பருத்துத் தோன்றும். அப்போதும் அடைபடாத அளவு உள்வெளி அகன்றிருத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒத்த உருவங்களைப் பிரித்துக் காட்டுதல். ‘எரி’ என்பது தீ. ‘ஏரி’ என்பது நீர். இரண்டையும் பிரிப்பது அடியில் உள்ள ஒரு சிறு கோடே. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு ஒரு சுழி. கொம்பு தெரியாத எழுத்தும், கொம்பன் நிற்பது தெரியாத இருளும் நம் ஊரில் ஒரே வகை இடர்கள்! ‘ர’ என்பதற்கும் காலுக்கும் அடியின் சாய்கோடே வேறுபாடு. நல்ல எழுத்துரு இச்சிறு கோடுகளைத் தயங்காமல் நீட்டிக் காட்டும்.

நான்காவது இடைவெளி. தமிழில் மேலே விலங்கு வளையும். கீழே உகரக் கோடு இறங்கும். வரிக்கும் வரிக்கும் இடையே போதிய இடம் இல்லையேல் மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் மோதும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளி தமிழுக்குப் போதாது. இதனை உணராமல் ஆங்கிலப் படிவத்தின் கட்டங்களிலேயே தமிழை நிரப்புவதால் வரும் துன்பம் மிகுதி.

உண்மையை மறைக்காமல் ஒன்று கூறவேண்டும். சமக்கோட்டு எழுத்து என்பதாலேயே அது படிக்க எளிதாகிவிடாது. அளவும் இடைவெளியும் தாளின் நிறமும் கெட்டால் எவ்வகை எழுத்தும் கெடும். மேலும், எல்லா இடத்திற்கும் ஒரே எழுத்து பொருந்தாது. பெருநூலைப் பழைய அச்செழுத்தில் படித்துப் பழகிய முதியோர்க்கு அதுவே இனிது. கோலி உருண்டைபோல் துள்ளும் விளையாட்டு எழுத்தை இரங்கல் அறிவிப்பில் இட்டால் அது மரியாதை ஆகாது. இனிமை என்பது இடமறிந்து பேசுவது.

பயன்படும் இடங்கள்

முதலாவது, யானை எச்சரிக்கைப் பலகை. ‘அரிக்கொம்பன்’ என்னும் யானையை 2023 ஏப்ரலில் நம் பகுதியிலிருந்து கொண்டு சென்றனர். ஆயினும் யானைகளின் வழி மாறவில்லை. விடியலில் வேலைக்குச் செல்வோரின் அச்சமும் தீரவில்லை. சாலைப் பலகை பற்றிய அமெரிக்க நெறிநூலில் ஒரு கணக்கு உண்டு: 1 அங்குல உயரமுள்ள எழுத்து 30 அடித் தொலைவிலிருந்து படிக்கத்தக்கது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 36 அடி கடக்கும். 2 அங்குல எழுத்தாயின் 60 அடித் தொலைவு. ஓட்டுநர்க்குக் கிடைப்பது இரண்டு நொடியினும் குறைவு. 6 அங்குல எழுத்தாயின் 180 அடி. ஏறத்தாழ 5 நொடி கிடைக்கும். இக்கணக்கு ஆங்கில எழுத்துக்கு உரியது. சுழியும் புள்ளியும் மிகுந்த தமிழுக்கு இன்னும் பெரிதாதல் நன்று. நம் மலையின் மூடுபனியையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். மூன்று நொடி என்பது வண்டியை நிறுத்தவும், நிறுத்தாமற் போகவும் போதுமான காலம்.

இரண்டாவது, கைப்பேசிச் செய்தி. வால்பாறையில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர், யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் சிவப்பு விளக்காலும் மக்களுக்கு உணர்த்தும் முறையை வகுத்தனர். அப்பணிக்காக ஆனந்தகுமார் 2015-இல் விட்லி விருது பெற்றார். அத்தகைய செய்தி தமிழில் வருதல் முறை. ஆயின் தமிழ் எழுத்துரு இல்லாத பழைய கைப்பேசியில் அது வெறும் கட்டங்களாய்த் தோன்றும். எச்சரிக்கை வந்தும் வராததாகும். உருவம் இல்லாத எழுத்து ஊமையன் கூவியதை ஒக்கும்.

மூன்றாவது, பூச்சிமருந்துக் குறிப்பு. நம் நாட்டில் அம்மருந்துப் பெட்டிகளில் நஞ்சின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்களால் காட்டுவர். நிறம் எல்லார்க்கும் புரியும். ஆனால் எவ்வளவு நீர் கலப்பது, உடலிற் பட்டால் என்ன செய்வது என்பவை மடித்த சிறு தாளில் நுண்ணெழுத்தில் இருக்கும். தெளிப்பவர் அதனைப் படிக்க இயலாவிடில் அச்சிட்டும் பயன் இல்லை. அத்தாளின் இன்றியமையாத நான்கு வரிகளைப் பெரிய சமக்கோட்டு எழுத்தில் அச்சிட்டுக் கலவை செய்யும் இடத்தில் ஒட்டுவது எளிய செயல். ஓர் உயிரைக் காக்கவல்ல செயலும் ஆகும்.

நான்காவது, பிள்ளைகளின் பாடத்தாள். நம் பிள்ளைகளுள் பலர் மலையாளமோ ஆங்கிலமோ பயிலும் பள்ளிகளில் படிக்கின்றனர். தமிழை வீட்டிலும் சங்க வகுப்பிலும் கற்கின்றனர். அவர்க்குத் தமிழ் எழுத்து முதல் நாளிலேயே சிடுக்காகத் தோன்றினால், மொழியே சிடுக்கு என்று ஒதுக்கிவிடுவர். கையால் எழுதும் வடிவுக்கு நெருங்கிய, திறந்த வளைவுகளை உடைய எழுத்தைக் காட்டினால் தாமே எழுதிப் பார்க்க முனைவர். நட்புடைய எழுத்து என்று நாம் கூறுவதன் பொருள் இதுவே: அது படிப்பவனை வாயிலில் நிறுத்தி வினவாது, உள்ளே வா என்று அழைக்கும்.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே! பிறர் செய்யவில்லை என்று குறைகூறுவது எளிது. நம் சங்கம் தானே செய்யத்தக்கவை சில உண்டு. முதலில், சங்கத்தின் அறிவிப்புகள், அழைப்புகள், வகுப்புத் தாள்கள் அனைத்துக்கும் மேற்கூறிய எழுத்துருக்களுள் ஒன்றைத் தேர்ந்து நிலையாக வழங்குவோம். அச்சகத்தாரிடம் ஒருங்குறி எழுத்திலேயே செய்தியைக் கொடுப்போம். பழைய குறியீட்டு எழுத்துருக்களில் கோத்த செய்தி வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாய் மாறுவதை அதனால் தவிர்க்கலாம்.

அடுத்து, பலகை எழுதுவோர்க்கு ஒரு மாதிரித் தாள் செய்து கொடுப்போம். சின்னக்கானல், சூரியநெல்லி, பெரியகானல், பூப்பாறை, ஆனையிறங்கல், போடிமெட்டு என்னும் நம் ஊர்ப் பெயர்களை உரிய இடைவெளியோடு அதில் அச்சிட்டு, எழுத்தைப் பக்கவாட்டில் ஒடுக்கலாகாது என்று குறிப்போம். இடம் போதாவிடில் பலகையைப் பெரிதாக்குக, எழுத்தை நெரிக்கற்க.

மூன்றாவது, எப்பலகையையும் நிறுவுமுன் ஓர் எளிய தேர்வு நடத்துவோம். அச்சிட்ட தாளை மாலை மங்கும் வேளையில் சுவரில் ஒட்டி, நம்முள் மூத்த தாயார் ஒருவரை 30 அடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொல்வோம். அவர் தடையின்றிப் படித்தால் அது தேறிய எழுத்து. தடுமாறினால் திருத்துவோம். பட்டம் பெற்றோரின் கருத்தைவிட அத்தாயின் கண்ணே இதில் உயர்ந்த நீதிமன்றம்.

நான்காவது, ஊராட்சிக்கும் தோட்ட நிருவாகங்களுக்கும் பணிவோடு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். தமிழ் வரியும் மற்ற இரண்டு வரிகளுக்கு ஒத்த உயரத்தில் அமைதல் வேண்டும். சம்பளச் சீட்டில் நாட்கூலி, கொழுந்தின் எடை, பிடித்தம், கைக்கு வரும் தொகை ஆகிய நான்கும் தெளிந்த தமிழில் இருத்தல் வேண்டும். இதில் எவர்க்கும் பகை இல்லை. எவர்க்கும் பெருஞ்செலவும் இல்லை. எழுத்துரு இலவயம், வேண்டுவது கவனம் ஒன்றே. அவ்விண்ணப்பத்தையும் மீரா இனிமையிலேயே அச்சிட்டு அனுப்புவோம். எத்தகைய எழுத்தைக் கேட்கிறோம் என்பதை அத்தாளே காட்டிவிடும்.

பெரியோர்களே! மொழியைக் காத்தல் என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. மழையில் நனைந்து வந்து தன் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும் ஒரு தாய், அதனைத் தானே படித்து, கணக்குச் சரி என்றோ தவறு என்றோ தன் வாயால் கூறும் நாளில்தான் தமிழ் இம்மலையில் வாழ்கிறது என்போம். அந்நாளை நெருங்கச் செய்யும் பணிகளுள் எழுத்தைத் திருத்துவதும் ஒன்று; நம் கையாலேயே இயல்வதும் கூட. இவ்வாண்டே அதனைத் தொடங்குமாறு சங்கத்தாரை வேண்டி அமைகிறோம்.